சிலிண்டர் வாயிலிருந்து பர்னர் வரை: கேஸ் அடுப்பைப் பார்த்துக்கொள்வது

தினமும் அடுப்பைப் பளபளவென்று துடைக்கிற வீடுகளில்கூட, "ரப்பர் டியூப் எந்த வருஷம் வாங்கினது?" என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. கேஸ் கசிவது பெரும்பாலும் துடைக்கிற மேல்தட்டில் இல்லை. வால்வுக்குள் இருக்கும் வாஷர், டியூபின் இரண்டு முனைகள், நாபுக்கு அடியில் கேஸைத் திறந்து மூடும் பித்தளைக் காக் ஆகியவற்றில்தான் முதலில் தேட வேண்டும். அதனால் கேஸ் போகிற வழியாகவே போய்ப் பார்த்துவிடலாம்.

அதற்கு முன் இந்த வாயுவைப் பற்றிக் கொஞ்சம். எல்.பி.ஜி. என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. சிலிண்டருக்குள் அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம் என்பதால் மேலே எழும்பாது. தரையோடு பரவி, மேடைக்கு அடியிலும் அலமாரி மூலையிலும் தண்ணீர் போகும் துவாரத்திலும் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கத் தயார். இதற்கு இயல்பில் வாசனை கிடையாது. நமக்கு வரும் அழுகிய நாற்றம், கசிந்தால் தெரியட்டும் என்று சேர்க்கப்படும் எத்தில் மெர்காப்டனுடையது. சந்தேகம் வந்தால் நின்றபடி மோந்து பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று போய்விடக் கூடாது. குனிந்து, தரைக்குப் பக்கத்தில் மோந்து பார்க்க வேண்டும்.

சிலிண்டர் வாசலுக்கு வரும்போது

வீட்டுச் சிலிண்டரில் இருக்க வேண்டிய கேஸ் 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடை ஒவ்வொன்றுக்கும் சற்று மாறும், 15 கிலோவையொட்டி இருக்கும். அந்த எடை சிலிண்டரின் மேல்பக்கப் பட்டையில் எழுதியிருக்கும். இரண்டையும் கூட்டிய எடை தராசில் வர வேண்டும். கொண்டுவருகிறவரிடம் தராசு இருக்க வேண்டும் என்பது விதி, கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அதே பட்டையின் உள்பக்கம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். 'சி 28' என்றிருந்தால் 2028 செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். பலர் இதைக் கேஸ் காலாவதியாகும் தேதி என்று நினைக்கிறார்கள். கேஸ் கெட்டுப்போவதில்லை. தேதி, இரும்புக் கூட்டுக்கு. அது தாண்டிய சிலிண்டரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சீலை உடைத்து, மூடியைக் கழற்றி, வால்வைச் சோதிக்கும் வேலையை, கொண்டுவந்தவர் வாசலில் நிற்கும்போதே செய்துவிட வேண்டும். வால்வில் இரண்டு விதமான கோளாறு வரும். இரண்டும் வெளிப்படும் நேரம் வேறு என்பதால் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, வால்வின் நடுவில் இருக்கும் ஊசி சரியாக மேலே வந்து மூடாதது. இதில் ரெகுலேட்டர் போடாமலேயே கசியும். மூடியைக் கழற்றியதும் வால்வு வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி வரும். உடனே மூடியைத் திரும்பப் போட்டு அழுத்தி, சிலிண்டரை மாற்றித் தரச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, வால்வுக்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையம், நாம் வாஷர் என்று சொல்வது, கிழிந்தோ நசுங்கியோ இல்லாமலே போயோ இருப்பது. மூடியைக் கழற்றினால் எதுவும் தெரியாது, ஏனென்றால் ஊசி வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. ரெகுலேட்டரை மாட்டி 'ஆன்' செய்யும்போதுதான் அது ஊசியைக் கீழே அழுத்தும், வழி திறக்கும், வாஷர் இல்லாத இடைவெளியில் கேஸ் சீறும். புதுச் சிலிண்டர் மாட்டியதும் புஸ்ஸென்று சத்தம் வந்தால் பதறி ரெகுலேட்டரைப் பிடுங்க வேண்டாம். சுவிட்சை 'ஆஃப்' செய்தாலே ஊசி மேலே வந்து நின்றுவிடும். பிறகு நிதானமாகக் கழற்றலாம். வாஷரை நாமே மாற்றுவது, பழைய சிலிண்டரிலிருந்து குண்டூசியால் நெம்பி எடுத்துப் போடுவது எல்லாம் வேண்டாத வேலை. நெம்பும்போதே அது கிழியும்.

மாட்டும் முறை

மாட்டுவதற்கு முன் அடுப்பின் எல்லா நாபும் மூடியிருக்க வேண்டும். பூஜை அறை விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எல்லாம் அணைந்திருக்க வேண்டும். சிறிய வீடுகளில் விளக்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருக்கிறது.

ரெகுலேட்டரின் அடியில் இருக்கும் கறுப்பு வளையத்தை மேலே தூக்கிப் பிடித்தபடி வால்வின் மேல் நேராக வைத்து, லேசாக இடமும் வலமும் அசைத்து அழுத்துங்கள். வளையத்தை விட்டதும் 'டக்' என்று இறங்க வேண்டும். பிடித்துத் தூக்கிப் பார்த்தால் வரக் கூடாது. சுழற்றினால் சுழலும், அது சரிதான், பயப்பட வேண்டாம். இறங்காத ரெகுலேட்டரைக் கையால் அடித்து இறக்குவது ஊசியையும் வாஷரையும் சேர்த்துக் கெடுக்கும்.

இப்போது நாபுகள் மூடியிருக்க ரெகுலேட்டரை மட்டும் 'ஆன்' செய்து, அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் கலந்து, வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடம், டியூபின் இரு முனைகள், அடுப்புக்குள் குழாய் நுழையும் இடம் என்று வரிசையாகத் தடவுங்கள். குமிழி ஊதிக்கொண்டே வந்தால் கசிவு. அரை நிமிடமாவது பொறுத்துப் பாருங்கள், மெல்லிய கசிவில் குமிழி மெதுவாகத்தான் வளரும். பார்த்து முடித்ததும் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடுவதை இன்னும் சிலர் செய்கிறார்கள். கசிவு இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்தான்.

டியூப்

ஆரஞ்சு நிறத்தில், நடுவே எஃகுக் கம்பி வலை பின்னி வரும் சுரக்‌ஷா டியூபைத்தான் வாங்க வேண்டும். கடையில் கிடைக்கும் பச்சை, நீல பிளாஸ்டிக் டியூப்கள் இந்த வேலைக்கு ஆகாது. வெப்பத்தில் இளகும், எலி கடித்தால் ஒரே இரவில் துளை விழும். சுரக்‌ஷா டியூபுக்கு ஆயுள் 5 ஆண்டு. வாங்கிய மாதத்தை டியூபிலேயே ஒரு சின்ன அட்டை கட்டி எழுதி வைத்துவிடலாம். ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். விபத்து நடந்தால் எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் காப்பீட்டில் இழப்பீடு கேட்க முடியும், அதற்கு நாம் தனியாகப் பிரீமியம் கட்டுவதில்லை. அந்த நேரத்தில் டியூபும் அடுப்பும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றவையா, காலம் தாண்டாதவையா என்ற கேள்வி எழும்.

5 ஆண்டு ஆகாவிட்டாலும் மாற்ற வேண்டிய அறிகுறிகள் உண்டு. வளைத்துப் பார்த்தால் மேலே மெல்லிய வெடிப்புக் கோடு தெரிவது, முனை கல் போல இறுகிப்போவது, ஓரிடத்தில் உப்பியிருப்பது. எண்ணெய்ப் பிசுக்கு படியாமல் இருக்கட்டும் என்று டியூபுக்குத் துணி உறை தைத்துப் போடுவது நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் வெடிப்பையும் எலிக் கடியையும் அதுவே மறைத்துவிடும்.

கிரானைட் மேடையில் துளை போட்டு டியூபைக் கீழே இறக்கியிருந்தால், அந்தத் துளையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் அடுப்பை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் டியூப் அங்கே உரசித் தேயும். விளிம்பை உரசி மழுக்கச் சொல்லுங்கள், அல்லது துளைக்குள் ஒரு பிளாஸ்டிக் வளையம் போடச் சொல்லுங்கள். டியூப் பர்னருக்குப் பின்னால் வெப்பம் படும் இடத்தில் சுற்றிக்கொண்டு போகக் கூடாது. நீளம் போதவில்லை என்று இரண்டு துண்டை ஒட்டுப் போடவும் கூடாது. மாட்டும்போது முனை ஏற மறுத்தால் வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்தால் இளகும், எண்ணெய் தடவ வேண்டாம். மாட்டியபின் தொளதொளவென்று இருந்தால் கம்பி சுற்றி இறுக்குவது தீர்வாகாது. டியூபின் அளவு சரியில்லை அல்லது முனை விரிந்துவிட்டது. மாற்றுங்கள்.

எங்கே வைப்பது

சிலிண்டர் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இது தெரியாதவர்கள் குறைவு. இப்போது வரும் புது அடுப்பங்கரைகளில் மேடைக்கு அடியில் கதவு போட்ட அலமாரிக்குள் சிலிண்டரை அடைத்துவிடுவதுதான் என் கண்ணை உறுத்துகிறது. கசிந்த வாயு அடியில் தேங்கும் என்று மேலே பார்த்தோம். கதவு மூடிய பெட்டியில் அது வெளியே வராது, நாற்றமும் தாமதமாகத்தான் தெரியும். அப்படித்தான் வைக்க வேண்டும் என்றால், கதவின் அடிப்பக்கம், தரையை ஒட்டி, காற்று போக ஜாலி வைக்கச் சொல்லுங்கள். மேல்பக்கம் அழகுக்கு வைக்கும் ஜாலியால் பயனில்லை. பிரிட்ஜைச் சிலிண்டருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். அது தானாகவே ஓடி நிற்கும்போது உள்ளே சின்னப் பொறி வரும்.

நாப் இறுகினால்

நாபுக்குக் கீழே கூம்பு வடிவப் பித்தளைத் துண்டு ஒன்று அதற்கேற்ற குழிக்குள் சுழல்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கிரீஸ்தான் சுழலவும் விடுகிறது, கேஸ் வெளியே வராமல் அடைக்கவும் செய்கிறது. வெப்பத்தில் அது காய்ந்தால் நாப் இறுகும். அப்போது நம் வீடுகளில் முதலில் எடுப்பது தேங்காய் எண்ணெய். ஒரு வாரம் நன்றாகச் சுழலும். மீதி இருந்த கிரீஸையும் அந்த எண்ணெய் கரைத்துவிடும், பிறகு எண்ணெயும் சூட்டில் காய்ந்து பிசினாகும். நாபைச் சுற்றி லேசாக கேஸ் வாசனை வரத் தொடங்கும்.

இது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. கூம்பைக் கழற்றி, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் துடைத்து, வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லிய பூச்சாகப் போட வேண்டும். அதிகம் பூசினால் கேஸ் போகும் துளையே அடைபடும். அருகில் நின்று ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எந்தக் காக்கின் கூம்போ அதிலேயே திரும்பப் போக வேண்டும். ஒவ்வொன்றும் அதன் குழியோடு சேர்த்து இழைக்கப்பட்டது. எல்லாவற்றையும் கழற்றி ஒரே கிண்ணத்தில் போட்டுக் கழுவினால் எது எதன் ஜோடி என்று தெரியாமல் போகும், மாறிப் போட்டால் கசியும்.

சுடரைப் படிப்பது

சுடர் நீலமாக, துளையை ஒட்டி, சத்தமில்லாமல் எரிய வேண்டும். கோளாறு வந்தால் முதல் கேள்வி: எல்லா பர்னரிலும் இப்படியா, ஒன்றில் மட்டுமா? எல்லாவற்றிலும் என்றால் சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் பக்கம் தேடுங்கள். ஒன்றில் மட்டும் என்றால் அந்தப் பர்னரையோ அதன் ஜெட்டையோ (பர்னருக்குள் கேஸைச் சீறவிடும் சின்னத் துண்டு) பாருங்கள். இந்த ஒரு கேள்வி பாதி வேலையைக் குறைத்துவிடும்.

சுடர் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் காற்று போதவில்லை. ஜெட்டிலிருந்து சீறும் கேஸ், பர்னரின் அடிக்குழாய் வாயில் காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். அந்தக் குழாய்க்குள் சிலந்தி வலை, கரப்பான் முட்டை, பொங்கி வழிந்த பால் காய்ந்த கட்டி இருக்கும். ஊருக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வந்து பற்றவைக்கும்போது மஞ்சள் சுடர் வந்தால் பெரும்பாலும் சிலந்தி வேலைதான். காற்று குறைந்த சுடர் கார்பன் மோனாக்சைடையும் உண்டாக்கும். அதற்கு நிறமோ வாசனையோ இல்லை. ஜன்னலை மூடிக்கொண்டு மஞ்சள் சுடரில் சமைப்பது கரிப்பாத்திரத்தோடு முடிகிற விஷயமில்லை.

ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகவோ உயரமாகவோ இருந்தால் பர்னரின் மேல்மூடி சாய்ந்திருக்கிறது, அல்லது அந்தப் பக்கத் துளைகள் அடைந்திருக்கின்றன. நீலச் சுடரில் அவ்வப்போது ஆரஞ்சுப் பொறி பறந்தால் கவலை வேண்டாம். உப்புப் போட்ட கொதிநீர் வழிந்ததன் மிச்சம் எரிகிறது.

சுடர் துளையை விட்டு எழும்பி ஓசையோடு எரிந்தால் காற்று அதிகம், அல்லது அழுத்தம் அதிகம். எல்லா பர்னரும் இப்படிச் சீறினால் ரெகுலேட்டரை மாற்ற ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். 'பட்' என்று சத்தம் வந்து, சுடர் பர்னருக்கு உள்ளே போய் ஜெட் வாயில் எரிவதும் உண்டு. உடனே நாபை மூடி, ஒரு நிமிடம் விட்டுப் பற்றவையுங்கள். சிம்மை மிகக் குறைத்து வைத்ததாலோ, பர்னரில் ஈரம் இருந்ததாலோ இருக்கலாம். அடிக்கடி வந்தால் பர்னரின் துளைகள் அரித்து அகலமாகிவிட்டன என்று பொருள். அதைப் பழுதுபார்க்க முடியாது, பர்னரையே மாற்ற வேண்டும்.

பர்னரைக் கழுவுவது

மாதம் ஒருமுறை போதும். பால் பொங்கினால் அன்றைக்கே. ரெகுலேட்டரை மூடி, சூடு ஆறியபின் கழற்றுங்கள். பித்தளை பர்னர் என்றால் புளிக்கரைசல் கலந்த வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போதும். அலுமினிய பர்னரைப் புளியிலோ சோடாவிலோ ஊறவைக்காதீர்கள். புளிப்பு அதை அரிக்கும், சோடா கறுக்கவைக்கும். பாத்திர சோப்பும் வெந்நீரும்தான் அதற்கு. அடிக்குழாய்க்குள் பாட்டில் கழுவும் மெல்லிய பிரஷை விட்டு இழுங்கள். துளைகளை ஒவ்வொன்றாகக் குண்டூசியால் குத்தலாம், ஆனால் திருகக் கூடாது.

கழுவியதும் கவிழ்த்து வைத்து முழுதாகக் காயவிடுங்கள். இரவில் கழுவிக் காலையில் மாட்டுவது வசதி. ஈரத்தோடு மாட்டிப் பற்றவைத்தால் படபடவென்று வெடித்து அணையும்.

ஜெட் வேறு விஷயம். அது மிகச் சிறிய துளையுள்ள பித்தளைத் துண்டு. ஊசியை விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகி கேஸ் கூடும், காற்று பற்றாமல் போகும், நிரந்தரமாக மஞ்சள் சுடர். அதற்கென்று வரும் மெல்லிய கம்பியால் மெக்கானிக் சுத்தம் செய்யட்டும். பெரிய பர்னருக்கும் சிறிய பர்னருக்கும் ஜெட் அளவு வேறு, மாறிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதை விட்டாலே ஜெட் அடைப்பு பாதி குறையும்.

கண்ணாடி அடுப்பில் சூடு ஆறுமுன் ஈரத்துணி வைக்காதீர்கள். இறக்கிய கடாயை நேராகக் கண்ணாடி மேல் வைக்காதீர்கள். பர்னரை மூடி மறைக்கும் அகலமான தோசைக்கல்லோ அண்டாவோ வைத்து நீண்ட நேரம் எரித்தால் வெப்பம் கீழே திரும்பிக் கண்ணாடியைச் சுடும், அது ஒருநாள் நொறுங்கும்.

கேஸ் வாசனை வந்தால்

நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான அடுப்புகளில், சுடர் அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் அமைப்பு கிடையாது. பால் பொங்கி அணைத்தாலும், மின்விசிறிக் காற்றில் சிம் அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். சிம்மில் பருப்பை வைத்துவிட்டு வெளியே போவதில் இருக்கும் ஆபத்து இதுதான். 'சிலிண்டர் வெடித்தது' என்று வரும் செய்திகள் பலவற்றில் சிலிண்டர் முழுசாக இருக்கும். அறையில் தேங்கிய வாயுதான் ஒரு சுவிட்சின் பொறியில் பற்றியிருக்கும்.

வாசனை வந்தால் எந்த மின்சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், எக்ஸாஸ்ட் விசிறியும் வேண்டாம். நாபுகளையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். விளக்கு, ஊதுபத்தியை அணையுங்கள். கதவு ஜன்னல்களை அகலத் திறந்து, துடைப்பத்தால் தரையோடு வாயுவை வாசல் பக்கம் தள்ளலாம். ரெகுலேட்டரைக் கழற்றி வால்வுக்கு மூடி போடுங்கள். அந்த வெள்ளை மூடியை அதற்காகத்தான் நூலோடு சிலிண்டரிலேயே கட்டித் தருகிறார்கள், அறுத்து எறியாதீர்கள். மூடி போட்டும் நிற்கவில்லை என்றால் சிலிண்டரைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். வெளியே வந்தபின் 1906க்குப் பேசுங்கள். கசிவுக்கென்றே நாடு முழுவதும் 24 மணி நேரமும் இயங்கும் எண் அது.

ரெகுலேட்டர் பக்கம் தீப்பற்றி, கை எட்டும் அளவில் சிறிதாக இருந்தால், தண்ணீரில் நனைத்த கனமான பருத்தித் துணியையோ சாக்கையோ மேலே போர்த்தி, அதன் வழியே ரெகுலேட்டர் சுவிட்சை மூடலாம். பெரிதாகிவிட்டால் எல்லாரையும் வெளியேற்றி 101 அல்லது 112. கடாயில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. நாபை மூடி, தட்டால் மூடிவிட்டு, ஆறும்வரை திறக்காதீர்கள்.

தீரும் தறுவாயில்

சிலிண்டரைப் படுக்கப் போட்டு ஒரு வேளைச் சமையலை முடிப்பது நம்மூர் வழக்கம். படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். ஒரு சொட்டுத் திரவமும் சுமார் 250 மடங்காக விரிவதால் சுடர் திடீரென்று கூரையைப் பார்க்கும். வெந்நீர்த் தொட்டியில் நிற்கவைப்பதும் வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் சுடர் சோர்வதற்குக் காரணம் உண்டு: பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே கொதிக்கும், அதனால் கடுங்குளிரில் போதிய வாயு எழாது. அங்கே மாற்றுச் சிலிண்டர் வைத்துக்கொள்வதுதான் வழி. எவ்வளவு மீதி என்று பார்க்க, சிலிண்டரை ஈரத்துணியால் மேலிருந்து கீழ்வரை துடைத்துவிட்டுக் கவனியுங்கள். காலியான பகுதி சீக்கிரம் காயும், திரவம் இருக்கும் மட்டம் வரை ஈரம் நிற்கும்.

குழாய் வழியே இயற்கை எரிவாயு வந்துசேர்ந்த தெருக்களில் ஒரு குறிப்பு. அது காற்றைவிட லேசானது, கசிந்தால் கூரைப் பக்கம் சேரும், ஆகவே மேலே காற்றுப்போக்கு வேண்டும். சிலிண்டர் அடுப்பின் ஜெட்டுகள் அதற்குச் சிறியவை. இணைப்பு கொடுக்கும் அன்றைக்கே எல்லா ஜெட்டையும் மாற்றித் தர வேண்டும். மாற்றியவர் கிளம்புமுன் ஒவ்வொரு பர்னரையும் முழுச்சுடரிலும் சிம்மிலும் எரியவிட்டுப் பாருங்கள். சிம்மில் அணைந்தால் நாபுக்கு அடியில் இருக்கும் சிம் திருகை அவரையே சரிசெய்யச் சொல்லுங்கள்.